ஒரு வைரஸ், மூன்று விலங்குகள்: ஈபிவி தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?

ஒரு தடுப்பூசி மனிதருக்கு வருவதற்கு முன் விலங்குகளில் சோதிக்கப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மனிதனைத் தவிர வேறு எந்த உயிரினத்திலும் இயல்பாக வாழாத ஒரு வைரஸுக்குத் தடுப்பூசி தயாரிக்க வேண்டுமென்றால், அதை எந்த விலங்கில் சோதிப்பது? நம் நாட்டில் ஒரு புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கும் வைரஸ் ஒன்று, அறிவியலாளர்களை 40 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு காத்திருக்க வைத்திருக்கிறது.

இப்பாடத்தில் நாம் தெரிந்துகொள்ளப்போவது:
• ஹெர்பிஸ் வைரஸ்கள் ஏன் தத்தம் ஓம்புயிரை விட்டு எளிதில் விலகுவதில்லை?
• 'மாதிரி விலங்கு' என்றால் என்ன?
• விலங்கில் வெற்றி பெற்ற தடுப்பூசி மனிதரில் ஏன் பாதி வெற்றியோடு நின்றுவிடுகிறது?

பூங்காக் குரங்குகள் சொல்லும் பாடம்

தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்கள் அங்குள்ள நீள்வால் குரங்குகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். இந்த இனக் குரங்குகளின் உடலில் 'பி வைரஸ்' என்ற ஒரு ஹெர்பிஸ் வைரஸ் வாழ்கிறது. வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையினர் 2009 முதல் 2011 வரை தீபகற்ப மலேசியாவில் பிடித்து இடம் மாற்றிய 392 நீள்வால் குரங்குகளை ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, 39 விழுக்காட்டுக் குரங்குகள் அந்த வைரஸை வெளியேற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது.

குரங்குக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. சில வேளைகளில் வாயில் சிறு புண் வரும், ஆறிவிடும். ஆனால் அதே வைரஸ் மனித உடலுக்குள் நுழைந்தால் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். 1932இல் போலியோ ஆய்வில் ஈடுபட்டிருந்த வில்லியம் பிரெப்னர் என்ற அமெரிக்க மருத்துவர், நோய் எதுவும் இல்லாததுபோல் தெரிந்த ஒரு குரங்கு கடித்ததால் இறந்தார். இந்த வைரஸ் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். மனிதருக்கு இது தொற்றுவது மிக மிக அரிது என்பதால் பயப்பட வேண்டாம். ஆனாலும் குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: ஹெர்பிஸ் வைரஸும் அதன் ஓம்புயிரும் பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்தே மாறி வந்தவை. சொந்த ஓம்புயிரில் அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வேறு உயிரினத்தில் ஒன்று உள்ளே நுழையவே முடியாது. நுழைந்தால் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மனிதருக்கென்று 9 ஹெர்பிஸ் வைரஸ்கள் உள்ளன. சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்குவது அவற்றுள் ஒன்று. உதட்டோரக் கொப்புளம் தருவது இன்னொன்று. நாம் இன்று பார்க்கப்போவது எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக ஈபிவி.

நம் எல்லாரிடமும் இருக்கும் விருந்தாளி

1961ஆம் ஆண்டு லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், உகாண்டாவிலிருந்து வந்திருந்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் ஓர் உரை நிகழ்த்தினார். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைப் பற்றிய உரை அது. அதைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டீன், இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கக்கூடும் என்று சந்தேகித்தார். 1964இல் அவரும் பெர்ட் அச்சோங், இவான் பார் ஆகியோரும் அந்தக் கட்டியின் உயிரணுக்களில் ஒரு புதிய ஹெர்பிஸ் வைரஸை மின்னணு நுண்ணோக்கி வழியாகக் கண்டார்கள். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுவே.

உலகில் வயது வந்தவர்களுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் உடலில் ஈபிவி இருக்கிறது. உமிழ்நீர் வழியாகப் பரவும் இது, வெள்ளை இரத்த அணுக்களுள் ஒரு வகையான பி உயிரணுக்களுக்குள் புகுந்து உறங்குநிலையில் வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. சிறு வயதில் தொற்றினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. பதின்ம வயதிலோ அதற்குப் பிறகோ முதன்முறையாகத் தொற்றினால் சிலருக்குச் சுரப்பிக் காய்ச்சல் வரும். தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டுதல், வாரக்கணக்கில் நீடிக்கும் அசதி ஆகியவை அதன் அறிகுறிகள்.

மலேசியாவுக்கு இது ஏன் முக்கியம்?

மூக்கின் பின்பக்கமும் தொண்டையின் மேற்பகுதியும் சந்திக்கும் இடத்தில் உண்டாகும் புற்றுநோய்க்கு மூக்குத்தொண்டைப் புற்றுநோய் என்று பெயர். உலகின் பல பகுதிகளில் இது அரிய நோய். தென்சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் அப்படியல்ல. நம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களின் வரிசையில் இது முன்னணியில் இருக்கிறது. மலேசியச் சீனர்களிடையே இது அதிகம். சரவாக்கின் பிடாயு மக்கள், உலகிலேயே இந்நோய் மிக அதிகமாகக் காணப்படும் சமூகங்களுள் ஒன்று. நம் வட்டாரத்தில் இந்நோய்க் கட்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும் ஈபிவி இருக்கிறது.

அப்படியானால் ஈபிவி உள்ள எல்லாருக்கும் இந்நோய் வருமா? வராது. மிகச் சிலருக்கே வரும். மரபணு ஒரு காரணம். சிறு வயது முதல் சீன முறையில் உப்பிட்ட மீனை அதிகம் உண்பது இன்னொரு காரணம். இதை எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று சிலாங்கூர் சீனர்களிடையே செய்யப்பட்டு 1983இல் வெளிவந்தது. வைரஸ், மரபணு, உணவு ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. இவற்றுள் மரபணுவை நம்மால் மாற்ற முடியாது. வைரஸைத் தடுக்க முடிந்தால் பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்நோய் வராமலே தடுத்துவிடலாம். தடுப்பூசி தேவைப்படுவது இதற்காகத்தான்.

மாதிரி விலங்கு என்றால் என்ன?

மனித நோயை ஆராய்வதற்காக, அந்நோயின் ஏதாவது ஒரு பகுதியைத் தன் உடலில் காட்டக்கூடிய விலங்கை மாதிரி விலங்கு என்கிறோம். 'ஏதாவது ஒரு பகுதி' என்ற சொற்களைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். கட்டடப் பொறியாளர் செய்யும் அட்டை மாதிரியைப் பார்த்தால் வீட்டின் அமைப்பு தெரியும். மழை பெய்தால் கூரை ஒழுகுமா என்பது தெரியாது. மாதிரி விலங்கும் அப்படித்தான்.

சாதாரண ஆய்வக எலியை ஏன் பயன்படுத்தக் கூடாது? ஈபிவியின் மேற்புறத்தில் ஜிபி350 என்ற புரதம் உள்ளது. அது சாவி போன்றது. மனிதப் பி உயிரணுவின் மேலுள்ள ஏற்பி அதற்குப் பொருந்தும் பூட்டு. எலியின் உயிரணுவில் உள்ள ஏற்பி வேறு வடிவில் இருப்பதால் சாவி பொருந்துவதில்லை. நோயே தொற்றாத விலங்குக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, 'பார்த்தீர்களா, நோய் வரவில்லை' என்று சொன்னால் அதில் பொருள் இல்லை அல்லவா?

முதல் விலங்கு: பஞ்சுத்தலைத் தாமரின்

தென் அமெரிக்காவில் கொலம்பியக் காடுகளில், உச்சந்தலையில் வெண்பஞ்சு வைத்ததுபோல் முடியுள்ள ஒரு சின்னஞ்சிறு குரங்கு உண்டு. எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. பஞ்சுத்தலைத் தாமரின் என்பது அதன் பெயர். ஈபிவியை இதன் உடலில் செலுத்தினால் நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது என்று 1973இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

வைரஸைக் கண்டுபிடித்த எப்ஸ்டீனே, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தடுப்பூசி முயற்சியிலும் இறங்கினார். அவருடைய குழு, வைரஸின் சாவியான அந்த மேற்புறப் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தாமரின்களுக்குத் தடுப்பூசியாகச் செலுத்தியது. பிறகு, புற்றுநோயை உறுதியாக உண்டாக்கும் அளவுக்கு வைரஸைச் செலுத்தியது. தடுப்பூசி பெற்ற விலங்குகள் தப்பின, பெறாதவை நோயுற்றன. 1985இல் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த முடிவு பெரும் நம்பிக்கை தந்தது.

ஆனால் அடுத்த ஆண்டே அதே குழு ஓர் எச்சரிக்கையையும் வெளியிட்டது. ஆய்வுக்கூடக் குடுவையில் வைரஸை நன்றாக முடக்கிய எதிர்ப்பொருள்கள் உடலில் நிறைய இருந்தும் சில தாமரின்கள் பாதுகாப்புப் பெறவில்லை. ஆகவே, எதிர்ப்பொருளின் அளவை மட்டும் பார்த்துத் தடுப்பூசி வேலை செய்கிறது என்று முடிவுகட்ட முடியாது என்பது தெளிவாயிற்று.

இன்னொரு குறையும் இருந்தது. மனிதருக்கு ஈபிவி சிறிதளவு உமிழ்நீர் வழியாக வாயில் நுழைந்து, ஓசையின்றிப் பல்லாண்டுகள் தங்குகிறது. தாமரினுக்கோ பெரிய அளவு வைரஸ் ஊசி வழியாகச் செலுத்தப்பட்டு, சில வாரங்களில் கட்டி வருகிறது. எனவே தாமரின் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொன்னது: 'இந்தத் தடுப்பூசி, வேகமாக வரும் நிணநீர்ப் புற்றுநோயைத் தடுக்குமா?' தொற்றையே தடுக்குமா என்ற கேள்வியை அதனிடம் கேட்கவே முடியாது.

மனிதரிடம் கிடைத்த விடை

ஜிபி350 தடுப்பூசி பெல்ஜியத்தில் ஈபிவி இன்னும் தொற்றாத 181 இளையோரிடம் சோதிக்கப்பட்டது. முடிவு 2007இல் வெளியானது. தடுப்பூசி, சுரப்பிக் காய்ச்சலை 78 விழுக்காடு குறைத்தது. ஆனால் வைரஸ் தொற்றுவதைத் தடுக்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வைரஸ் தொற்றியது.

காரணம் என்ன? ஈபிவி ஒரு வாசலை மட்டும் நம்பியிருக்கும் வைரஸ் அல்ல. பி உயிரணுவுக்குள் நுழைய அது ஜிபி350ஐப் பயன்படுத்துகிறது. தொண்டையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களுக்குள் நுழையவோ ஜிஎச், ஜிஎல் என்ற வேறு புரதங்களைப் பயன்படுத்துகிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டோம், கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடந்தது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் தோன்றுவது இந்த இரண்டாம் வகை உயிரணுக்களில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வேறொரு ஹெர்பிஸ் வைரஸின் கதையும் இதையே சொல்கிறது. எச்எஸ்வி-2 என்ற வைரஸுக்கு எதிரான ஒரு தடுப்பூசி கினிப்பன்றிகளில் நல்ல பலன் தந்தது. 8,323 பெண்கள் பங்கேற்ற சோதனையின் முடிவு 2012இல் வந்தபோது, அது எச்எஸ்வி-2ஐத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. அதன் உறவினரான எச்எஸ்வி-1க்கு எதிராக மட்டும் ஓரளவு பலன் இருந்தது.

இரண்டாவது விலங்கு: மனித உயிரணு எலி

எலிக்கு ஈபிவி தொற்றாது என்றோம். அப்படியானால் எலிக்குள் மனித உயிரணுக்களை வைத்துவிட்டால்? சொந்த நோய் எதிர்ப்பு மண்டலம் இல்லாமல் பிறக்கும் எலிகளை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அவற்றின் உடலில், மனிதத் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த குருத்தணுக்களைச் செலுத்தினார்கள். சில வாரங்களில் எலியின் இரத்தத்தில் மனிதப் பி உயிரணுக்கள் ஓடத் தொடங்குகின்றன. இந்த எலிக்கு ஈபிவி தொற்றும். நிணநீர்ப் புற்றுநோயும் வரும்.

இதன் குறை, எலிக்குள் வளரும் மனித எதிர்ப்பு மண்டலம் பலவீனமானது. தடுப்பூசி போட்டால் போதிய எதிர்ப்பொருள் உண்டாவதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் ஒரு சுற்றுவழி கண்டார்கள். சாதாரண எலிகளுக்குத் தடுப்பூசி போட்டு, அவற்றில் உருவான எதிர்ப்பொருளை எடுத்து மனித உயிரணு எலிக்குள் செலுத்துவது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாசல்களையும் அடைக்கும் வகையில் ஜிஎச், ஜிஎல் புரதங்களையும் சேர்த்துச் செய்த தடுப்பூசியின் எதிர்ப்பொருள்கள் எலிகளைக் கொடிய நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து காத்தன.

ஆனால் எலியின் தொண்டை எலியின் தொண்டைதான். அதன் உட்புற உயிரணுக்கள் மனித உயிரணுக்கள் அல்ல. எனவே உமிழ்நீர் வழியாகத் தொற்றும் முதல் கட்டத்தை இந்த எலியில் பார்க்க முடியாது.

மூன்றாவது விலங்கு: ரீசஸ் குரங்கு

இப்போது பூங்காக் குரங்கின் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கே உரிய ஹெர்பிஸ் வைரஸ் உண்டு. இந்தியாவின் கோயில்களிலும் நகரங்களிலும் திரியும் ரீசஸ் குரங்குக்கு, நம் ஈபிவிக்கு மிக நெருங்கிய உறவான ஒரு வைரஸ் இருக்கிறது. அதுவும் வாய் வழியாகவே தொற்றுகிறது, பி உயிரணுக்களில் உறங்குகிறது, உமிழ்நீரில் வெளியேறுகிறது. மனித வைரஸைக் குரங்குக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு, குரங்கின் சொந்த வைரஸுக்கே ஒரு தடுப்பூசி செய்து பார்த்தால் என்ன?

அப்படிச் செய்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. குரங்கு வைரஸின் ஜிபி350 புரதத்தைக் கொண்டு செய்த தடுப்பூசி ஓரளவு பாதுகாப்பளித்தது. தடுப்பூசி பெற்றும் தொற்றுக்கு ஆளான குரங்குகளில் வைரஸின் அளவு குறைவாக இருந்தது. 2020இல் இன்னொரு முக்கிய முடிவு வந்தது. ஜிஎச், ஜிஎல் புரதங்களைத் தாக்கும் ஒரு மனித எதிர்ப்பொருள், ரீசஸ் குரங்குகளை வாய்வழித் தொற்றிலிருந்து காத்தது. கொல்லைப்புறக் கதவை அடைப்பது பலன் தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

இதிலும் ஒரு குறை உண்டு: அது ஈபிவி அல்ல, ஈபிவியின் உறவினர். மனிதருக்கான தடுப்பூசியை அப்படியே அதில் சோதிக்க முடியாது.

மூன்றையும் ஒப்பிடுவோம்

• தாமரின்: உண்மையான ஈபிவி தொற்றும், புற்றுநோய் வரும். இயல்பான தொற்றுவழி இல்லை.
• மனித உயிரணு எலி: உண்மையான ஈபிவி, மனித உயிரணு இரண்டும் உண்டு. எதிர்ப்பு மண்டலம் பலவீனம். தொண்டைத் தொற்று இல்லை.
• ரீசஸ் குரங்கு: இயல்பான வாய்வழித் தொற்று, உறங்குநிலை இரண்டும் உண்டு. வைரஸ் வேறு.

ஒரு விலங்கு சொல்லும் விடை இன்னொரு விலங்கின் விடையோடு ஒத்துப்போகும்போதுதான் நம்பிக்கை வலுக்கிறது. இறுதி விடையைச் சொல்ல வேண்டியது மனிதரிடம் நடக்கும் சோதனை.

விலங்குகளுக்கு நாம் பட்ட கடன்

1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் பல்வேறு மருத்துவ ஆய்வுகளுக்காக 20,000க்கும் மேற்பட்ட பஞ்சுத்தலைத் தாமரின்கள் கொலம்பியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன. 1974இல் கொலம்பியா அதைத் தடை செய்தது. இன்று காடழிப்பும் சேர்ந்து, அந்த இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது.

அறிவியலுக்கு ஒரு கடமை இருக்கிறது. 1959இல் ரசல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் மூன்று விதிகளை முன்வைத்தார்கள். விலங்கு இல்லாமல் செய்ய முடிந்தால் மாற்றுவழியை நாடு. முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை. வேதனையைத் தணிக்கும் வகையில் முறையைச் செம்மைப்படுத்து. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் ஆய்வுக்கு விலங்குகளைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்துகிறது. தவறான மாதிரி விலங்கைத் தேர்ந்தெடுப்பது அறிவியல் பிழை மட்டுமன்று. ஓர் உயிரை வீணாக்குவதும் ஆகும்.

இன்று எங்கே நிற்கிறோம்?

2022இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம், ஜிபி350ஐ நுண்துகள் ஒன்றின் மேல் பதித்துச் செய்த புதிய தடுப்பூசியை 18 முதல் 29 வயது வரையிலான 40 தன்னார்வலர்களிடம் சோதிக்கத் தொடங்கியது. எம்ஆர்என்ஏ முறைத் தடுப்பூசிகளும் மனிதச் சோதனைக்கு வந்துள்ளன. அதே ஆண்டில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று, ஈபிவி தொற்றிய பிறகு 'மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்' என்ற நரம்பு நோயின் ஆபத்து 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. இதனால் தடுப்பூசி ஆய்வுக்குப் புதிய வேகம் கிடைத்திருக்கிறது. எப்ஸ்டீன் 2024 பிப்ரவரியில் 102ஆம் வயதில் காலமானார். அவர் தேடிய தடுப்பூசி இன்னும் மருந்தகத்துக்கு வரவில்லை.

வந்த பிறகும் பொறுமை வேண்டும். ஈபிவி சிறு வயதில் தொற்றுகிறது; மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் நடுவயதில் வருகிறது. இடைவெளி பல பத்தாண்டுகள். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி புற்றுநோயைத் தடுத்ததா என்று உறுதியாகச் சொல்ல, அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஆய்வைச் செய்யப்போகும் அறிவியலாளர் இன்று ஏதோ ஒரு படிவத்தில் படித்துக்கொண்டிருக்கலாம்.

அதுவரை நம்மால் செய்யக்கூடியது, நோயை முன்கூட்டியே கண்டறிவது. கழுத்தில் வலியில்லாத கட்டி, மூக்கிலிருந்து அல்லது சளியில் இரத்தம், ஒரு பக்கக் காது மட்டும் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் கண்டால் இந்நோயைப் பெரும்பாலும் குணப்படுத்த முடியும். இதை இன்று வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கலைச்சொல் அறிவோம்

ஓம்புயிர்: வைரஸ் தங்கி வாழும் உயிரினம்.
உறங்குநிலை: வைரஸ் அழியாமல், பெருகாமல் உடலில் மறைந்திருக்கும் நிலை.
ஏற்பி: உயிரணுவின் மேற்புறத்தில் குறிப்பிட்ட பொருள் மட்டும் பொருந்தும் புரதம்.
எதிர்ப்பொருள்: நோய்க்கிருமியை முடக்க உடல் உருவாக்கும் புரதம்.

சிந்தித்து எழுதுக

1. சாதாரண எலியில் ஈபிவி தடுப்பூசியைச் சோதித்து 'நோய் வரவில்லை' என்று முடிவு செய்வது ஏன் தவறு?
2. 1985ஆம் ஆண்டு தாமரின் ஆய்வும் 2007ஆம் ஆண்டு மனிதச் சோதனையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையா? உங்கள் விடைக்குக் காரணம் கூறுக.
3. உமிழ்நீர் வழித் தொற்றைத் தடுக்கும் தடுப்பூசியை ஆராய மேற்கண்ட மூன்று விலங்குகளுள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அத்தேர்வின் ஒரு குறையையும் குறிப்பிடுக.